பான்ட்ரி என்று எழுதிய குசினி: கட்டட விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு நகருக்குக் கட்டட விதி எழுதுகிறவர்களுக்கும், அந்த விதியைப் பார்த்துப் பிளானில் முத்திரை குத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

பாமன்கடைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் எங்களுக்கு ஒன்பது பேர்ச் காணியும் அதில் ஒரு பழைய வீடும் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் ஒரு சின்ன அனெக்ஸ் கட்டலாம் என்று போன வருடம் நினைத்தேன். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு பாத்ரூம். 350 சதுர அடிக்கு மேல் போகாது. அம்மாவுக்கு 81 வயது. அவர் சைவம், நாங்கள் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆட்கள். ஒரே குசினியில் நாங்கள் பாரை மீன் பொரிக்கும் நாளில் அம்மா பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிப் படுத்துவிடுவார். அவருக்கென்று ஒரு அடுப்பு வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவர் காலத்துக்குப் பிறகு கம்பஸில் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கும் மனதில் இல்லாமல் இல்லை.

பிளான் வரைகிற தம்பி வந்தார். சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகவே பேசுவார். அளவு நாடாவைப் பின் மதிலில் வைத்துவிட்டு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எத்தனை அறை என்பதல்ல.

"மிஸ், குசினி போடவா, பான்ட்ரி போடவா?"

பான்ட்ரி என்றால் சமையல் சாமான் வைக்கிற சின்ன இடம், அவ்வளவுதானே. கேள்வி எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். பின்பக்கத்தில் ஒரு அறையும் பாத்ரூமும் மட்டும் என்றால் அது இருக்கிற வீட்டின் நீட்சி. அதற்குள் குசினி என்று ஒரு சொல்லை எழுதினால் அது இரண்டாவது குடியிருப்பு அலகு ஆகிவிடும். இரண்டாவது அலகு வந்தால் வாகனத் தரிப்பிடக் கணக்கு வரும், கேள்விகள் வரும், பைல் தடிக்கும். "அதனால எல்லாரும் பான்ட்ரி என்றுதான் போடுவாங்க மிஸ். முத்திரை குத்தின பிறகு காஸ் குக்கர் வாங்கிக்கோங்க."

எங்கள் பேச்சில் ஒருவன் தனியாக உலை வைத்துவிட்டான் என்றால் தனிக்குடித்தனம் போய்விட்டான் என்று அர்த்தம். உங்கள் விதியும் அதே நியாயத்தில்தான் நிற்கிறது போல. அடுப்புத்தான் வீட்டை வீடாக்குகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விதிக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு அடுப்பு அல்லது இரண்டு முழு வீடு, இந்த இரண்டுதான் உண்டு. நடுவில் இருக்கிற எங்கள் அனெக்ஸுக்கு அங்கே ஒழுங்கான பெயர் இல்லை. பத்திரிகை விளம்பரத்தில் உண்டு, புரோக்கரின் வாயில் உண்டு, வெள்ளவத்தைக் கடை வாசல்களில் ஒட்டியிருக்கும் காகிதங்களில் உண்டு. பிளானில் மட்டும் அது பான்ட்ரி, ஸ்டோர் ரூம், வேலைக்காரர் அறை.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி சொச்சம். ஒன்பது பேர்ச் என்றால் 2450 சதுர அடி. வீட்டுக் காணியில் 65 வீதம் வரை கட்டடம் மூடலாம் என்று வைத்தால் 1592 வரும். எங்கள் பழைய வீடு 1180. காகிதத்தில் 412 சதுர அடி மிச்சம். அனெக்ஸுக்குத் தாராளம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். தம்பி சிரித்தார். பின் மதிலிலிருந்து ஏழரை அடி, அதாவது 2.3 மீற்றர், வெறுமையாக விட வேண்டும். முன்பக்கம் ஒழுங்கை அகலிக்கப் போட்டு வைத்த வீதிக்கோடு எங்கள் விறாந்தையின் தூணுக்கு உள்ளே ஓடுகிறது, அங்கேயும் நிரந்தரமாக ஒன்றும் கட்ட முடியாது. வீட்டுக்கு மேலே ஏற்றலாம் என்றால், சுண்ணாம்பில் கட்டிய சுவர், மேலே ஓட்டுக்கூரை, தூண் போடாமல் ஒரு சிலாப்பைத் தாங்காது. தூண் போட்டு மாடி எழுப்புகிற செலவுக்கு வேறெங்காவது ஒரு துண்டு காணியே வாங்கிவிடலாம். மாடி எழுப்பினாலும் அம்மா படி ஏறமாட்டார் என்பது தனிக்கதை.

ஆக, மிஞ்சியது வீட்டின் பக்கவாட்டில் ஒரு நீளத் துண்டும், முன்பு இருந்தவர்கள் பின் மதிலோடு ஒட்டிக் கட்டிய ஒரு பழைய சாமான் அறையும். அந்த அறை எழுபதுகளில் கட்டியது. பின் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறது. அதை இடித்தால் அந்த இடத்தில் மறுபடி கட்ட விதி விடாது. இடிக்காமல் உள்ளே ஒரு அடுப்பு வைத்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். சட்டத்துக்குப் பயந்தவள் முழிக்கிறாள், பயப்படாதவர் வாடகை வாங்குகிறார். எங்கள் ஒழுங்கையின் நிலைமை இதுதான்.

ஒழுங்கையைப் பற்றிச் சொல்கிறேன். யாரையும் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை, அதனால் இலக்கம் சொல்லப்போவதில்லை. எங்கள் பக்கத்து வரிசையில் பதினொரு வீடு. அவற்றில் ஏழில் அனெக்ஸ் இருக்கிறது. ஒன்றில் கராஜுக்குக் கதவு வைத்துச் சுவரெழுப்பி ஒரு புதுக்குடும்பம் இருக்கிறது. இன்னொன்றில் மொட்டைமாடியில் தகரம் போட்டு மூன்று பெடியன்கள். அவர்கள் சமைப்பது எங்கே என்றால், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே. காஸ் சிலிண்டர் நிற்பது படிக்கட்டின் முதற்படியில். நெருப்புப் பிடித்தால் அவர்கள் இறங்க வேண்டிய ஒரே வழியும் அந்தப் படிக்கட்டுத்தான். எந்தப் பரிசோதகரும் இதைப் பார்த்ததில்லை. பார்க்கவும் மாட்டார், ஏனென்றால் பிளானில் அங்கே ஒருவரும் குடியிருக்கவில்லை.

உங்கள் வேலையின் சரித்திரத்தை நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915இல் வந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978இல். 1986 மார்ச்சில் கட்டட விதிகள் வர்த்தமானியில் வந்தன, 2021 ஜூலையில் புதிய பொது விதிகள். நூறு வருடத்துக்கு மேலாக எழுதித் திருத்தி வருகிறீர்கள். மூன்று மொழியிலும் வர்த்தமானி போடுகிறீர்கள், அதற்கு நன்றி. தமிழில் படித்துவிட்டு, படித்தது என்ன என்று அந்தச் சிங்களத் தம்பியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள் நான்.

இந்த விதிகளில் எது எனக்கு இடைஞ்சலோ அதெல்லாம் பிழை என்று சொல்ல வரவில்லை. பின் இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழரை அடியைக் குறைத்துத் தரச்சொல்லி எங்கள் ஒழுங்கையில் ஒரு மனு ஓடியது. நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்தடுத்த இரண்டு காணியின் பின் இடைவெளியும் சேர்ந்தால் பதினைந்து அடி, அதில்தான் காற்று ஓடுகிறது, வெளிச்சம் வருகிறது, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. ஒக்டோபர், நவம்பர் மழைக்கு வெள்ளவத்தைக் கால்வாய் பொங்குகிற நாட்களில் எங்கள் முற்றத்தில் தண்ணீர் முழங்கால் வராததற்கு அந்தச் சீமெந்து போடாத மண்ணும் ஒரு காரணம். அப்புறம் குழாய் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், நூறு வருடத்துக்கு முன் போடத் தொடங்கிய கழிவுநீர்க் குழாய் வலையில்தான் இந்த நகரத்தின் பெரும்பகுதி இன்னும் தொங்குகிறது. கண்டபடி எல்லா வீட்டிலும் ஒரு பாத்ரூம் கூட்டினால் அது எங்கே போய் முட்டும் என்று நீங்கள் கவலைப்படுவது நியாயம். ஆனால் பாத்ரூம்கள் ஏற்கெனவே கூடிவிட்டன, ஐயா. உங்களுக்குத் தெரியாமல் கூடிவிட்டன. எத்தனை என்று ஒருவருக்கும் தெரியாது.

நாங்களே அனெக்ஸில் இருந்துதான் ஆளானோம். 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி வெறுமையானபோது எல்லாரோடும் சேர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். அடுத்த வருடம் ஒருமாதிரிக் கொழும்பு வந்து சேர்ந்தோம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்களுக்கு ஒரு அனெக்ஸ் கிடைத்தது. நாலு பேருக்கு ஒரு அறை. படிக்கட்டின் கீழே மண்ணெண்ணெய் அடுப்பு. ஒரே ஒரு ஜன்னல், அது வீட்டுக்காரரின் கார் நிற்கும் இடத்துக்குத் திறக்கும். காலை ஆறே முக்காலுக்கு அவர் காரை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டதும் அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார், புகை அறைக்குள் வந்துவிடும். சாத்தினால் மண்ணெண்ணெய்ப் புகை வெளியே போகாது. இரண்டு புகையில் எது பரவாயில்லை என்று தினமும் ஒரு தீர்மானம்.

ஆனால் எனக்கு மறக்காதது புகை அல்ல, ஒரு கடிதம். அந்தக் காலத்தில் கொழும்பில் தங்க வந்த தமிழரான எங்களுக்குப் பொலிஸ் பதிவு வேண்டும். பதிவுக்கு வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். அவர் மோசமான மனிதர் இல்லை, தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து விடுவார். ஆனால் கடிதம் என்றதும் இழுத்தடித்தார். காரணம் பிறகுதான் விளங்கியது. கடிதம் கொடுத்தால் அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று அவரே கைப்பட எழுதிக் கொடுத்ததாகும். பிளானில் அது ஸ்டோர் ரூம். ஸ்டோர் ரூமில் நாலு பேர் எப்படி இருப்பது? அப்பா ஆறு கிழமை நடந்தார். பதிவில்லை என்று பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில், அந்த ஆறு கிழமையும் இருட்டிய பிறகு அண்ணாவை அம்மா கேட்டுக்கு வெளியே விடவில்லை.

இந்த நகரத்தில் ஒரு தமிழனுக்கு விலாசம் என்றால் என்ன என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் தட்டி எழுப்பி, நகரை விட்டு அனுப்பப் பஸ்ஸில் ஏற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை போட்டது. அந்தக் காலம் போய்விட்டது, சரி. ஆனால் அனெக்ஸில் இருக்கிற பிள்ளை வாக்காளர் இடாப்பில் பேர் பதியக் கிராம சேவகரிடம் போனாலும், வங்கியில் கணக்குத் திறக்கப் போனாலும், இன்றைக்கும் கேட்பது விலாசத்துக்கு அத்தாட்சி. வீட்டுக்காரர் இன்றைக்கும் இழுக்கிறார். காரணமும் அன்றைய காரணமேதான்.

மின்சாரத்தைப் பாருங்கள். வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக்கூட விலை ஏறும் படிமுறை. மாதம் 60 அலகுக்குள் பாவிக்கிறவருக்கு ஒரு விலை, 180ஐத் தாண்டினால் வேறு விலை. அனெக்ஸுக்குத் தனி மீற்றர் கிடைப்பது லேசில்லை, ஏனென்றால் அது தனி வீடு இல்லை. அதனால் வீட்டுக்காரர் உள்ளே ஒரு சப் மீற்றர் பூட்டுகிறார். ஒரு பல்ப், ஒரு பான், ஒரு ரைஸ் குக்கர் வைத்து 50 அலகில் மாதத்தை ஓட்டுகிற பிள்ளைகள், ஏசி ஓடுகிற வீட்டின் மேல்படி விலையில் பங்கு கொடுக்கிறார்கள். தண்ணீர் பில்லிலும் இதே கூத்து. ஏழைக்கென்று வைத்த விலை ஏழைக்குப் போய்ச் சேராமல் நடுவில் நிற்கிறது, பெயரில்லாத ஒரு அறையால்.

எங்கள் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். ஸ்காபரோவில் காலூன்றிய எங்கள் ஆட்கள் பலரைக் கேட்டால், முதல் இரண்டு வருடம் ஒரு பேஸ்மென்டில் இருந்தோம் என்றுதான் கதை தொடங்கும். அந்தப் பேஸ்மென்ட்களில் பல ஒரு காலத்தில் எங்கள் பான்ட்ரி மாதிரித்தான், காகிதத்தில் இல்லாதவை. அங்கே அரசு அவற்றை இடிக்கப் போகவில்லை. படிப்படியாகச் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். நெருப்பு மேலே பரவாமல் பேஸ்மென்டின் சீலிங்குக்கு என்ன போட வேண்டும், தப்பி வெளியேற ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 2022இல் ரொறன்ரோ நகரம் பின்வளவில் தனியாகச் சின்ன வீடு கட்டவும் விட்டது. அதே வருடம் ஒன்ராறியோ மாகாணம், நகரக் குழாய்வசதி உள்ள வீட்டுக் காணியில் மூன்று அலகு வரை உரிமையாகவே கட்டலாம் என்று சட்டம் போட்டது. கலிஃபோர்னியாவில் 2020 முதல், விதிக்குப் பொருந்துகிற விண்ணப்பத்துக்கு 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கராஜை வீடாக்கினால் அதற்குப் பதில் இன்னொரு தரிப்பிடம் கேட்கவும் கூடாது. அவர்கள் காணி பெரிது, எங்கள் காணி சிறிது, அப்படியே பெயர்த்து நட முடியாது. அந்த 60 நாளை மட்டும் நடலாம்.

இங்கே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அனெக்ஸ் என்று ஒரு வகையை விதியில் எழுதுங்கள். ஒரு காணிக்கு ஒன்று, 400 சதுர அடிக்கு உட்பட்டது, பிரித்து விற்க முடியாதது. வீட்டுக்குப் பிரிக்கிற துண்டு குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஆறு பேர்ச் இருக்க வேண்டும் என்பதால் எங்கள் ஒன்பது பேர்ச்சை எப்படியும் இரண்டாக உடைக்க முடியாது, உடைக்கவும் வேண்டாம். ஆனால் மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்பக்கத்தில் இருப்பது எங்கள் ஆட்களின் வழமை. அந்தப் பின்பக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

அந்த வகைக்குத் தரிப்பிடம் கேட்காதீர்கள். இதில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்வேன். எங்கள் ஒழுங்கை அனெக்ஸ்களில் கார் வைத்திருக்கிற வாடகைக்காரர் ஒருவர்கூட இல்லை. பிள்ளைகள் காலி வீதிக்கு நடந்து போய் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஒரு பெடியனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, அது மாமரத்தின் கீழே நிற்கிறது. 81 வயது அம்மாவின் குசினிக்கு ஒரு கார் நிறுத்துமிடம் ஏன் என்று பிளான் வரைகிற தம்பியிடம் கேட்டேன். "கேட்கிறது நியாயம்தான் மிஸ், ஆனா என்கிட்ட கேட்டு என்ன?" என்றார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இறுக்க வேண்டிய இடத்தில் இறுக்குங்கள். வெளிக்காற்றுக்குத் திறக்கிற ஜன்னல், வீட்டுக்காரரின் ஹோலுக்குள்ளால் போகாத தனி வாசல், காஸ் சிலிண்டருக்கு வெளியே இடம், ஒழுங்கான வயரிங், மழைத்தண்ணீரைக் கழிவுக்குழாய்க்குள் விடாத வடிகால். இவற்றில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் அதே காணியில் குடியிருக்க வேண்டும் என்றும் வையுங்கள். கலிஃபோர்னியாவில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது கொழும்புக்குச் சரிப்படும் என்று தோன்றவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாத இடத்தில்தான் ஒரு அறைக்குள் பத்துக் கட்டில் போடுவார்கள்.

ஏற்கெனவே கட்டியிருக்கிறவர்களுக்கு இரண்டு வருடம் தவணை கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். பதிகிறவரிடம் இடிப்பு நோட்டீஸோடு போகாமல், திருத்த வேண்டியவற்றின் பட்டியலோடு போங்கள். அந்தப் பதிவு இலக்கத்தைக் காட்டினால் தனி மீற்றர் கிடைக்கட்டும், வாடகைக்காரரின் விலாசமாகவும் அது இருக்கட்டும். மாநகர சபைக்குக் கட்டுகிற சோலைவரி கொஞ்சம் கூடும், கூட்டுங்கள். ஜனவரிக்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் பத்து வீதம் கழிவு உண்டு என்று எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும், வரிசையில் வந்து நிற்பார்கள்.

இன்னுமொன்று. வெள்ளவத்தையில் இருபது பேர்ச் வைத்திருந்தவர்கள் பழைய வீட்டைக் கட்டடக்காரரிடம் கொடுத்து, பத்து மாடி எழும்பியதும் இரண்டு பிளாட் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு விதியில் வழி இருக்கிறது, படிவம் இருக்கிறது, கட்டட வல்லுநர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு உயரத்துக்கு ஏறத் தெரிந்த விதிக்கு, எங்கள் பின்பக்கத்தில் ஒரு அடுப்பு வைக்கும் அளவுக்குக் குனியத் தெரியவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

பிளான் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. தம்பி இரண்டு விதமாகவும் வரைந்து தந்திருக்கிறார், ஒன்றில் குசினி, மற்றதில் பான்ட்ரி. குசினி என்று எழுதியதைத்தான் கொடுக்க விருப்பம்.

இப்படிக்கு,
பாமன்கடை ஒன்பது பேர்ச் காணிக்காரி

பி.கு.: பதில் போடுவதாக இருந்தால் தயவுசெய்து தமிழில் போடுங்கள். அம்மாவும் வாசிப்பார். அவர் இப்போதே அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்று வாஸ்து பார்க்கத் தொடங்கிவிட்டார், தென்கிழக்குத்தானாம். தென்கிழக்கு மூலை அந்த ஏழரை அடிக்குள் விழுகிறது என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.